விவாதம்: பழைய லென்ஸின் முன்கண்ணாடியைத் திருப்பிப் பொருத்தலாமா?

தேக்கா ஒளி:

தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் சிங்கப்பூர் சிராங்கூன் சாலையின் விளக்கு அலங்காரங்களைப் பின்னணியாக வைத்து, கேம்பல் லேன் பூக்கடைக்காரர்களை அவர்களுடைய சம்மதத்தோடு உருவப்படங்களாக எடுக்க எண்ணியிருக்கிறேன். இதற்காக ஹீலியோஸ் 44-2 லென்ஸ் ஒன்றின் முன்கண்ணாடியைக் கழற்றி, முன்புறம் பின்புறமாகத் திருப்பிப் பொருத்தப் போகிறேன். அப்படிச் செய்தால் படத்தின் நடுவில் மட்டும் உருவம் நிலைத்து நிற்கும். ஓரங்களை நோக்கிச் செல்லச் செல்ல அனைத்தும் இழுபட்டுக் கரையும். விளக்குப் புள்ளிகள் நிறைந்த தெருவுக்கு இந்தத் தன்மை மிகவும் பொருந்தும் என்று நம்புகிறேன். ஒளி நுழையும் துளையைச் சுருக்கி விரிக்கும் அபர்ச்சர் இதழ்களை ஒட்டி, நீள்வட்டத் துளையிட்ட மெல்லிய கறுப்புத் தகடு ஒன்றைச் செருகவும் விரும்புகிறேன். முன்கண்ணாடியின் மேலுள்ள, எதிரொளியைக் குறைக்கும் பூச்சை நீக்கலாமா என்பதை மட்டும் இன்னும் முடிவு செய்யவில்லை.

பழைய லென்ஸைத் திறப்பவர்கள் பழம்பொருளை நாசமாக்குகிறார்கள் என்று சென்ற மாதம் இங்கே ஒருவர் எழுதியிருந்தார். அக்கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. ஹீலியோஸ் 44, ஜெர்மனியின் கார்ல் சைஸ் ஜெனா தயாரித்த பயோட்டார் 58 மி.மீ. எஃப்/2 லென்ஸைத் தழுவிச் சோவியத் ஒன்றியத்தில் உருவானது; ஜெனிட் கேமராக்களோடு பல பத்தாண்டுகளுக்குப் பெருமளவில் விற்கப்பட்டது. தழுவலாகவே பிறந்த ஒன்றை இன்னொருவர் தம் தேவைக்கேற்ப மேலும் தழுவிக்கொள்வதை நாசம் என்று எப்படிச் சொல்ல முடியும்? திருப்பிய கண்ணாடியை எந்த நாளிலும் பழையபடி வைத்துவிடலாம்.

செம்பவாங் சேகரிப்பாளர்:

தம்பி, சென்ற மாதம் அவ்வாறு எழுதியவன் நான்தான். இன்றும் அதே கருத்தில் இருக்கிறேன்.

பெருமளவில் உற்பத்தியானதால் ஒன்றை மாற்றலாம் என்னும் வாதம் ஆபத்தானது. மேயர்-ஆப்டிக் கோர்லிட்ஸ் நிறுவனத்தின் ட்ரையோப்ளான் 100 மி.மீ. எஃப்/2.8 லென்ஸை எண்ணிப் பாருங்கள். மூன்றே கண்ணாடிகள் கொண்ட, கூர்மை குறைந்த, மலிவான லென்ஸ் என்று அதை ஒரு காலத்தில் எவரும் பொருட்படுத்தவில்லை. பின்னணி விளக்குகளைச் சோப்புக்குமிழிகளாகக் காட்டும் அதன் குணத்தை உலகம் கண்டுகொண்ட பிறகுதான் விலை ஏறியது. அதற்கு முன் உதிரிப் பாகங்களுக்காகப் பிரிக்கப்பட்டவை திரும்பி வரவில்லை. ஹீலியோஸ் 44 என்ற ஒரே பெயருக்குள்ளும் எல்லாம் ஒன்றல்ல. தொடக்க கால வெள்ளி நிற வகைகளில் 13 அபர்ச்சர் இதழ்கள் இருந்தன. நீங்கள் வைத்திருக்கும் 44-2 வகையில் எட்டுதான். இந்த வேறுபாட்டை அறியாதவர்களே பெரும்பாலும் ஸ்பேனரைக் கையில் எடுக்கிறார்கள்.

நம் ஊரின் ஈரப்பதத்தையும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. ஆண்டுச் சராசரி 80 விழுக்காட்டைத் தாண்டும் இந்தத் தீவில், வீவக அடுக்குமாடி வீட்டின் சாப்பாட்டு மேசையில் ஒரு லென்ஸைத் திறந்து மூடினால் தூசியையும் பூஞ்சை வித்துகளையும் உள்ளே வைத்து மூடுகிறோம். ஐரோப்பாவில் இருப்பவர்கள் பதிவேற்றும் காணொளிகளைப் பார்த்து இங்கே செய்வதில் இருக்கும் இந்த வேறுபாட்டை எவரும் பேசுவதில்லை.

ஹீலியோஸைத் திறக்காமலேயே, துளையை முழு அளவில் விட்டு, அதாவது எஃப்/2 இல் வைத்து எடுத்துப் பாருங்கள். பின்னணி சுழலும். லென்ஸ் தானாகவே தருவதை, அதை உடைத்துப் பெற வேண்டியதில்லை.

ஒளியியல் ஆசிரியை:

இங்கே இரண்டு வெவ்வேறு விளைவுகள் ஒன்றாகக் குழப்பப்படுகின்றன. அவற்றைப் பிரித்துக்கொண்டால் விவாதம் தெளிவாகும் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

ஹீலியோஸ் இயல்பாகத் தரும் சுழல், படத்தின் ஓரங்களில் முழுமையாகத் திருத்தப்படாத புல வளைவாலும் (தட்டையாக விழ வேண்டிய படம் வளைந்து விழுதல்) அஸ்டிக்மாட்டிசத்தாலும் (ஒரு புள்ளி கோடாக நீளுதல்), சாய்ந்து வரும் ஒளிக்கற்றையை லென்ஸின் குழாய் இருபுறமும் வெட்டுவதாலும் உண்டாகிறது. நடுவில் வட்டமாக இருக்கும் ஒளிப்புள்ளி மூலைகளில் பூனைக்கண் வடிவம் பெற்று, படத்தின் மையத்தைச் சுற்றி வரிசையாகச் சாய்ந்து நிற்கிறது. எஃப்/4 அளவுக்குத் துளையைச் சுருக்கினால் இந்த வெட்டு பெரும்பாலும் மறைந்து, சுழலும் அடங்கிவிடும். ஜோசப் பெட்ஸ்வால் 1840 இல் வடிவமைத்த உருவப்பட லென்ஸிலேயே இந்தச் சுழல் உண்டு.

முன்கண்ணாடியைத் திருப்புவதால் வருவது வேறு. ஹீலியோஸில் ஆறு கண்ணாடிகள் நான்கு தொகுதிகளாக உள்ளன. முன்கண்ணாடியின் அதிகம் வளைந்த முகம் வெளியே நோக்கியிருப்பதற்குக் காரணம், ஒளிக்கதிர்கள் அதில் மென்மையாக வளைந்து உள்ளே செல்ல வேண்டும் என்பதே. திருப்பி வைத்தால் அதே கதிர்கள் கடுமையாக வளைக்கப்படுகின்றன; கோளப் பிறழ்ச்சி, அதாவது கண்ணாடியின் நடுவையும் விளிம்பையும் கடக்கும் கதிர்கள் ஒரே புள்ளியில் கூடாத குறை, பெருகுகிறது, புல வளைவும் மாறுகிறது. ஆகவே நடுப்பகுதியின் மேலும் ஒரு மெல்லிய ஒளிப்படலம் படியும். ஓரங்கள் சுழல்வதோடு நில்லாமல் கோடுகளாக நீளும். சேகரிப்பாளர் ஐயா சொல்வதற்கு மாறாக, திறக்காத லென்ஸ் இதைத் தராது. அது தருவது சுழலை மட்டுமே.

தேக்கா ஒளிக்கு ஒரு கேள்வி: உங்கள் கேமராவின் சென்சார் முழுச்சட்ட அளவுடையதா? அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி அளவு என்றால் ஓரங்கள் வெட்டுப்பட்டுவிடும். இவ்வளவு வேலையும் பெரும்பாலும் வீண். நீள்வட்டத் தகட்டைப் பற்றி நீங்கள் சொன்ன இடம் சரியானது. லென்ஸின் முன்னால் ஒட்டினால் நடுவிலுள்ள விளக்குகள் வடிவம் மாறும், மூலைகள் இருண்டுவிடும்; அபர்ச்சருக்கு அருகில் வைத்தால்தான் படம் முழுவதும் ஒரே வடிவம் கிடைக்கும். அதில் புதுமை எதுவுமில்லை, மாற்றத்தக்க துளைத் தகடுகளை ஜான் வாட்டர்ஹவுஸ் 1858 லேயே அறிமுகப்படுத்தினார்.

தேக்கா ஒளி:

மிக்க நன்றி, அக்கா. என்னுடையது முழுச்சட்டக் கேமராதான். எம்42 மரை கொண்ட லென்ஸுக்கு, அதன் பொருத்துமுகத்துக்கும் சென்சாருக்கும் நடுவே தேவையான 45.46 மி.மீ. இடைவெளியில், சோனி உடலின் 18 மி.மீ. போக மீதியை அடாப்டர் நிரப்பிவிடுகிறது.

சேகரிப்பாளர் ஐயா, தங்கள் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் பிறழ்ச்சியைக் கூட்டுவதே லென்ஸுக்குச் செய்யும் அவமரியாதை என்ற எண்ணம் தங்கள் எழுத்தின் அடியில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. உற்பத்தியாளர்களே அப்படி எண்ணவில்லை. நிக்கான் தன் 105 மி.மீ., 135 மி.மீ. டிசி (டிஃபோகஸ் கண்ட்ரோல்) லென்ஸுகளில் கோளப் பிறழ்ச்சியைக் கூட்டவும் குறைக்கவும் தனி வளையமே வைத்தது. ரோடன்ஸ்டாக் நிறுவனத்தின் மென்மையான உருவப்படங்களுக்கான இமாகோன் லென்ஸோடு சல்லடைபோல் துளையிட்ட தகடுகள் வந்தன. படக்கலைஞர் தமக்கு வேண்டிய அளவு மென்மையை அவற்றால் தேர்ந்துகொண்டார். பிறழ்ச்சி என்பது ஓவியரின் தூரிகைத் தடம் போன்றது. அதை எவ்வளவு காட்டுவது என்று தீர்மானிக்கும் உரிமை, படத்தை எடுப்பவருக்கும் உண்டு.

பூஞ்சை பற்றித் தாங்கள் சொன்னதையே நான் மறுபக்கத்திலிருந்து பார்க்கிறேன். பூஞ்சை சுரக்கும் அமிலம் பூச்சை அரித்துவிட்ட லென்ஸுகள் இந்த ஊரில் கேரோசல் இணையச் சந்தையில் எப்போதும் விற்பனைக்கு வருகின்றன. அவற்றை எந்தச் சேகரிப்பாளரும் வாங்குவதில்லை. குப்பைக்குப் போகவிருக்கும் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பொருத்தினால் எதை இழக்கிறோம்?

பழுது பார்ப்பவன்:

பல ஆண்டுகளாக லென்ஸ் பழுது நீக்கும் தொழிலில் இருக்கிறேன். இரு தரப்பும் சொல்லாத சிலவற்றை எழுதுகிறேன்.

"எந்த நாளிலும் பழையபடி வைத்துவிடலாம்" என்பது கண்ணாடிக்குப் பொருந்தும், உலோகத்துக்கு எப்போதும் பொருந்தாது. இறுகிப்போன பிடிவளையத்தைப் பொருந்தாத கருவியால் திருகினால், அதன் காடிகள் சிதைந்து, ஒளியைத் தின்னும் கறுப்பு வண்ணமும் உரிந்துபோகும். முகப்பு வளையத்துக்கு ரப்பர் கருவியையும், உள்வளையத்துக்குச் சரியான முனையுள்ள ஸ்பேனரையும் பயன்படுத்துங்கள். வளையம் அசையவில்லை என்றால் பலத்தைக் கூட்டாதீர்கள். மரையில் துளி கரைப்பான் விட்டுக் காத்திருங்கள்.

இன்னொன்று மிக முக்கியமானது. முன்கண்ணாடியைத் திருப்பும்போது அதன் குவிந்த முகம் உள்நோக்கி வருகிறது; அடுத்த கண்ணாடியின் முன்முகமும் குவிந்ததே. இரண்டு குவிந்த முகங்கள் நடுவில் தொடுகின்றனவா என்று பார்க்காமல் வளையத்தை இறுக்கினால், இரண்டிலும் வட்டமான கீறல் விழும். இடைவெளி போதாதென்று தெரிந்தால் விளிம்பில் மெல்லிய வளையம் ஒன்றை வைத்துவிட்டு மூடுங்கள். இதைச் செய்யாத லென்ஸுகள் என் மேசைக்கு வரும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் அவற்றைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது.

ஈரப்பதத்தைப் பொறுத்தவரை சேகரிப்பாளர் சொல்வது சரி. குளிரூட்டி நெடுநேரம் ஓடிய அறையில் வேலையைச் செய்து, முடிந்ததும் லென்ஸை 40 முதல் 50 விழுக்காட்டு ஈரப்பதமுள்ள உலர் அலமாரியில் வைத்தால் போதும்.

பொங்கோல் குறும்படம்:

பூச்சு நீக்கம் பற்றி ஒருவரும் பேசவில்லையே! இரண்டாம் உலகப் போரைப் பற்றி 1998 இல் வெளிவந்த ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் ‘சேவிங் பிரைவேட் ரயன்’ படத்துக்கு, ஒளிப்பதிவாளர் யானுஷ் கமின்ஸ்கி லென்ஸுகளின் பூச்சை நீக்கச் செய்தார். அந்தப் படத்தின் மங்கிய வண்ணங்களுக்கும் பரவும் வெளிச்சத்துக்கும் அதுவும் ஒரு காரணம். அவ்வளவு பெரிய கலைஞர் செய்ததை நாம் ஏன் தயங்கித் தயங்கிப் பேச வேண்டும்? மெருகுத்தூளைக் கொண்டு முன்கண்ணாடியைத் தேய்த்தால் வேலை முடிந்துவிடும்.

ஒளியியல் ஆசிரியை:

இதைத் தயவுசெய்து செய்ய வேண்டாம். என் காரணங்களைக் கணக்கோடு சொல்கிறேன்.

பூச்சில்லாத கண்ணாடி முகம் ஒவ்வொன்றும் தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 4 விழுக்காட்டைத் திருப்பி அனுப்புகிறது. ஒற்றைப் பூச்சு இருந்தால் அது ஏறத்தாழ 1.5 விழுக்காடாகக் குறைகிறது. ஹீலியோஸில் காற்றைத் தொடும் முகங்கள் எட்டு. எட்டும் பூச்சிழந்தால் நுழையும் ஒளியில் கால் பங்குக்கு மேல் கடந்து செல்லாது. அதில் ஒரு பகுதி உள்ளேயே அலைந்து படத்தின் கருமையை வெளிறச் செய்யும். நீங்கள் குறிப்பிடும் தோற்றம் அப்படி வருவதே. முன்கண்ணாடியின் ஒரு முகத்தை மட்டும் தேய்த்தால் இந்த விளைவில் சிறு பகுதிதான் கிடைக்கும். கையால் தேய்க்கும்போது முகத்தின் வளைவு கெட்டுப்போகும் வாய்ப்போ மிகுதி. அதைவிட, பூச்சில்லாத தட்டையான கண்ணாடி ஃபில்டர் ஒன்றை லென்ஸின் முன் மாட்டிப் பாருங்கள். இரண்டு புதிய முகங்கள் சேர்கின்றன, விளக்குகளின் எதிரொளிப் பிம்பங்கள் உடனே தோன்றும், வேண்டாதபோது கழற்றிவிடலாம்.

பாதுகாப்பு சார்ந்த காரணமும் உண்டு. சூப்பர்-தகுமார் 50 மி.மீ. எஃப்/1.4 லென்ஸின் ஏழு கண்ணாடி வகை போன்ற சில பழைய லென்ஸுகளில் கதிரியக்கமுள்ள தோரியம் ஆக்சைடு கலந்த கண்ணாடி இருக்கிறது. பயன்படுத்துவதால் பெரிய தீங்கில்லை. காலப்போக்கில் ஏறும் மஞ்சள் நிறத்தைப் புற ஊதா ஒளியில் வைத்தே குறைத்துவிடலாம். ஆனால் அதைத் தேய்த்துத் தூளாக்கினால், ஆல்ஃபா கதிர் வீசும் தூசி மூச்சில் கலக்கும். எந்த லென்ஸில் எந்தக் கண்ணாடி இருக்கிறது என்று தெரியாமல் வீட்டில் தேய்ப்பதை எந்தக் கலை நோக்கமும் நியாயப்படுத்தாது.

தேக்கா ஒளி:

பூச்சு நீக்கும் எண்ணத்தைக் கைவிடுகிறேன். பொங்கோல் சகோதரருக்கு ஒரு வார்த்தை: வாடகை நிறுவனமும் தேர்ந்த தொழில்நுட்பர்களும் பின்னால் இருக்கும் ஒரு பெரிய படப்பிடிப்பைக் காட்டி, ஒரே ஒரு லென்ஸை வைத்திருக்கும் நம்மைப் போன்றவர்களைத் தூண்டுவது பொருத்தமன்று. உங்கள் கதைக்குக் கிடைமட்ட ஒளிக்கோடு தேவையென்றால் மீன்பிடி நரம்பு ஒன்றைக் கண்ணாடியின் முன் செங்குத்தாகக் கட்டிப் பாருங்கள். நரம்பு தன் அச்சுக்குக் குறுக்காகவே ஒளியைப் பரப்பும் என்பதால் கோடு கிடைமட்டமாக விழும்.

செம்பவாங் சேகரிப்பாளர்:

ஆசிரியை அவர்களின் விளக்கத்துக்குப் பிறகு, திருப்பிய கண்ணாடியின் விளைவு திறக்காத லென்ஸில் கிடைக்காது என்பதை ஏற்கிறேன். பூஞ்சையால் பூச்சை இழந்த 44-2 ஒன்றில் தம்பி இதைச் செய்வதையும் நான் எதிர்க்கவில்லை. நல்ல நிலையிலுள்ள லென்ஸிலும், 13 இதழ் வகையிலும், ட்ரையோப்ளானிலும் செய்வதை எதிர்க்கிறேன்; தொடர்ந்து எதிர்ப்பேன்.

எனக்கு இன்னும் தீராத கவலை, லென்ஸ் கைமாறும் தருணத்தைப் பற்றியது. திருப்பிய கண்ணாடியோடு ஒரு லென்ஸ் விற்பனைக்கு வந்தால், வாங்குபவர் அதைப் பழுதென்று நினைத்துப் பிரித்துப் போடலாம். அல்லது அபூர்வ வகையென்று ஏமாந்து அதிக விலை கொடுக்கலாம். மாற்றம் செய்பவர்கள் அதைப் பதிவு செய்யாதவரை, "திரும்ப மாற்றிவிடலாம்" என்பது அவர்கள் தலைக்குள் மட்டும் இருக்கும் வாக்குறுதி. இதற்கு உங்கள் விடை என்ன?

தேக்கா ஒளி:

தங்கள் கேள்வி நியாயமானது, ஐயா. விற்கும்போது விளம்பரத்தின் முதல் வரியிலேயே எழுதுவேன். ஆனால் எனக்குப் பின் இரண்டு மூன்று கை மாறினால் அந்த வரி லென்ஸோடு போகாது என்பதும் தெரிகிறது. லென்ஸின் மேலேயே குறித்து வைக்க வழி இருக்கிறதா? பழுது பார்க்கும் அண்ணன் சொன்னால் அப்படியே செய்கிறேன்.

பழுது பார்ப்பவன்:

இருக்கிறது. எந்தக் கண்ணாடியையும் வெளியே எடுப்பதற்கு முன், அதன் பக்கவாட்டு விளிம்பில், படம் உண்டாகும் பகுதிக்கு வெளியே, எந்தப் பக்கம் முன்னால் இருந்தது என்று பென்சிலால் அம்புக்குறி இடுங்கள். பழைய பழுது வல்லுநர்கள் அப்படித்தான் செய்தார்கள். எனக்கு வரும் லென்ஸுகளில் அந்தக் குறிகளை இன்றும் காண்கிறேன். பெயர் வளையத்தின் உட்புறத்தில், வெளியே தெரியாத இடத்தில், "முன்கண்ணாடி திருப்பப்பட்டது" என்று ஆண்டோடு எழுதுங்கள். மை வேண்டாம், அதன் ஆவி கண்ணாடியில் படியும். ஒட்டுத்தாளும் வேண்டாம், நம் ஊர் வெப்பத்தில் பசை உருகிவிடும். நீள்வட்டத் தகட்டை இதழ்களின் மேல் ஒட்டாமல், பிடிவளையத்துக்கும் கண்ணாடித் தொகுதிக்கும் நடுவில் செருகுங்கள். இதழ்களில் பசை பட்டுவிட்டால் அந்த லென்ஸை மீட்பது என் தொழிலிலேயே மிகக் கடினமான வேலைகளுள் ஒன்று.