7 மாதத்தில் 3 முறை கியர்பாக்ஸ் இறக்கியாச்சு

வண்டி 12 சக்கர லாரி, 2017 மாடல், 9 ஸ்பீடு ரேஞ்ச் கியர்பாக்ஸ் (அதே கியர்களையே லோ ரேஞ்ச், ஹை ரேஞ்ச் என இரண்டு தடவை பயன்படுத்தும் வகை; ரேஞ்சை மாற்றுவது ஏர்). வேலூரிலிருந்து ஓசூருக்கு வாரம் மூன்று நடை.

லோடோடு மேலுமலை ஏற்றத்தில் 6ஆம் கியர் தானாக நியூட்ரலுக்கு விழுகிறது. லோ ரேஞ்சில் அதே இடத்தில் வரும் 2ஆம் கியரும் லேசாகக் கழல்கிறது. 5, 7 எல்லாம் கெட்டியாக நிற்கின்றன. காலி வண்டியில் ஒன்றுமே தெரியாது, அதனால்தான் மெக்கானிக் ஓட்டிப் பார்த்து "சரியா இருக்கே" என்கிறார்!

முதல் தடவை சிங்க்ரோ ரிங் (கியர் சுலபமாகச் சேர உதவும் வளையம்), அதோடு சேரும் ஸ்லீவ் மாற்றினோம். அடுத்து செலக்டர் ஃபோர்க் (ஸ்லீவைத் தள்ளும் கவை), கியரை இடத்தில் நிறுத்தும் ஸ்பிரிங், பால். மூன்றாவதாக, ஏர் பிரச்சினை என்று சொல்லி ரேஞ்ச் சிலிண்டர் கிட். ரேஞ்ச் நழுவினால் 7ஆம் கியரும் விழ வேண்டுமே என்று நான் கேட்டதற்குப் பதில் இல்லை. ஒவ்வொரு முறையும் ஒரு மாதம் தாங்கும், அப்புறம் ஆயிலில் பித்தளைத் தூள் மின்னும்.

ஒரு விஷயம்: இதெல்லாம் ஆரம்பிப்பதற்குச் சற்று முன்னால் ஆயில் சீல் லீக்குக்காக ஃப்ளைவீல் ஹவுசிங்கை (இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவிலுள்ள கூடு) கழற்றினார்கள். கோணலாக உட்கார்ந்திருக்குமோ, பைலட் பேரிங் (கியர்பாக்ஸ் ஷாஃப்டின் முன் நுனியைத் தாங்குவது) போயிருக்குமோ என்று சந்தேகம்.

வேலூர், ராணிப்பேட்டை பக்கம் டயல் கேஜ் (நுண்ணிய கோணலை அளக்கும் கருவி) வைத்து ஹவுசிங் அலைன்மென்ட் பார்க்கத் தெரிந்த பட்டறை எது?