மறு: பாம்பு கடிச்சா ரத்தம் கட்டாமப் போறதுக்குத் தமிழ்ல என்ன சொல் வைக்கலாம்?

> 'குருதி உறையாமை'ன்னே வச்சிடலாம், சுருக்கமா இருக்கு

அண்ணே, சுருக்கம்தான், ஆனா அது ஹீமோபிலியாங்கற பரம்பரை ரத்தக்கசிவு நோய்க்குப் புழங்குற சொல்லாச்சே, அங்க பிறப்புலயே ரத்தம் உறையத் தேவையான ஒரு சாமான் குறைச்சல். இங்க இருந்த சாமானே காலியாகுது.

நம்ம மலேசியாவுல கெடா பக்கம் பால்மரத்தடியில (ரப்பர் மரம்) சருகோட சருகா ஒரு பாம்பு கெடக்குமே, மலாய்க்காரங்க ஊலார் காப்பாக் போடோன்னு ('போடோ'ன்னா முட்டாள்) சொல்றது, கடிச்சிட்டும் ஓடாம அங்கயே படுத்திருக்கும், அதோட விஷத்துல ஒரு என்சைம், ரத்தத்த உறைய வைக்கிற நம்ம உடம்போட த்ராம்பின் மாதிரியே, உறைகட்டிக்கு வலை பின்னுற புரதமான ஃபைப்ரினோஜன வெட்டுது, ஆனா அரைகுறை வெட்டு, சரியா வலை பின்னாது, உடம்பே அத கரைச்சிடும், இப்படியே கையிருப்பு தீந்து ஈறுலயும் கடிவாயிலயும் ரத்தம் நிக்காம கசியும். பினாங்குல இருந்த டாக்டர் அலிஸ்டர் ரீட் 1960கள்லயே இத எழுதினாரு, அந்த விஷத்துலேருந்தே ஆன்க்ராட்னு மருந்தும் எடுத்தாங்க (பாம்பு முட்டாளா இருந்தாலும் விஷம் கெட்டி).

சுங்கை பட்டாணியில ரப்பர் பால் ஸ்டோர்ல நின்னவங்களுக்கு இது சட்டுனு புரியும். அமோனியா ஊத்துன பாலும் கட்டாது, ஆனா ரப்பர் உள்ளதான் இருக்கு, ஆசிட் சேத்தா கட்டிரும். இது அப்படியில்ல, ரப்பரெல்லாம் துணுக்குத் துணுக்கா முன்னாடியே போயி வெறும் தண்ணி மிச்சம்னு வைங்க, எத்தன ஆசிட் விட்டாலும் ரப்பர் ஷீட்டு வராது. முதலுக்கே மோசம். அதனால என் ஓட்டு 'உறைமுதல் தீர்வு', அதாவது ரத்தம் உறையிறதுக்கான முதல் தீந்துபோறது.

---

> 'உறைமுதல் தீர்வு'

தம்பி, 'முதல்' பிரமாதம், 'தீர்வு' வேணாம், நோயாளி பிரச்சன தீந்துச்சுன்னு நெனைப்பாரு. நான் வார்டுல நின்னவ, 2 மில்லி ரத்தத்த சுத்தமான காஞ்ச கண்ணாடி டியூப்ல விட்டு 20 நிமிசம் அசைக்காம வச்சு சாய்ச்சா தண்ணியா ஓடும், அதான் அடையாளம், பிளாஸ்டிக்லயோ சோப்பு போட்டு கழுவுனதுலயோ செஞ்சா நம்பாதீங்க. விஷமுறிவு மருந்து போடாம பிளாஸ்மா (ரத்தத்தோட நீர்ப்பகுதி) மட்டும் ஏத்துனா அதயும் விஷம் தின்னுடும், கடன் வாங்கி ஓட்டைப் பானையில போட்ட கதை. விஷமுறிவு போட்டப்புறம் ஈரல் ஃபைப்ரினோஜன புதுசா செஞ்சு தர பல மணி நேரம் ஆகும். 'உறைமுதல் இழப்பு'?

---

அக்கா, இழப்புன்னா ரத்த இழப்போட கொழம்பும். 'கரைவு' போடலாம்னா கட்டுன ரத்தம் கரையிறதுக்கு அந்த சொல் வேணும். 'உறைமுதல் வறட்சி', சரியா? மறுபடி ஊறும்ங்கறதும் அதுல வந்துடுது.