மீன் விலையைத் தளத்தில் பதிவேற்றுகிறவர்களுக்கு வேர்ட்பிரஸில் எந்த ரோல் (அனுமதி நிலை) கொடுப்பது?

தொண்டிக்காரன்:
மீனவர் சங்கத்துக்கு வேர்ட்பிரஸ் (இணையதளம் நடத்தும் மென்பொருள்) தளம் இருக்கிறது. பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், கீழக்கரை என ஊருக்கு ஒருவர், ஏலம் முடிந்ததும் நண்டு, கணவாய், சீலா விலையைப் படத்தோடு போனிலிருந்தே ஏற்றுவார்கள். இப்போது நாலு பேருக்கும் ஒரே அட்மின் (முழு அதிகாரம் உள்ள) லாகின்தான். செயலாளர் பார்த்த பிறகே விலை வெளியே தெரிய வேண்டும். 'கான்ட்ரிபியூட்டர்' ரோல் (எழுதலாம், வெளியிட முடியாது) கொடுத்தால் படம் ஏற்ற முடியவில்லை. 'ஆதர்' ரோல் கொடுத்தால் நேரே வெளியாகிவிடுகிறது. என்ன வழி?

உப்புக்காற்று:
இரண்டுக்கும் நடுவில் ஒரு ரோல் வேண்டும் அண்ணே. 'யூசர் ரோல் எடிட்டர்' பிளகின் (கூடுதல் செருகுநிரல்) போட்டு, கான்ட்ரிபியூட்டரை நகலெடுத்து 'விலைப் பதிவாளர்' என்று புது ரோல் உருவாக்குங்கள். அதில் கூடுதலாக 'அப்லோட்_ஃபைல்ஸ்' (படம், கோப்பு ஏற்றும் அனுமதி) மட்டும் டிக் செய்தால் போதும். 'பப்ளிஷ்_போஸ்ட்ஸ்' (வெளியிடும் அனுமதி) பக்கம் போகவே வேண்டாம். 'எடிட்_அதர்ஸ்_போஸ்ட்ஸ்' (பிறர் பதிவைத் திருத்தும் அனுமதி) இல்லாததால் பாம்பன்காரர் மண்டபத்து விலையில் கை வைக்க முடியாது. ஊர்வாரியாகப் பூட்டத் தனி பிளகின் தேவையில்லை.

செயலாளருக்கு எடிட்டர் ரோல் (எல்லார் பதிவையும் திருத்தி வெளியிடலாம்). ஆனால் பதிவு 'பென்டிங்'கில் (ஒப்புதலுக்காகக் காத்திருப்பில்) வந்து நிற்பதை வேர்ட்பிரஸ் தானாக மெயிலில் சொல்லாது. ஏல நேரத்தில் அவரே திறந்து பார்க்க வேண்டும், இல்லையென்றால் அதற்கென்று ஒரு பிளகின் போட வேண்டும்.

தொண்டிக்காரன்:
வெளியான பிறகு விலை தப்பாக இருந்தால்?

உப்புக்காற்று:
போட்டவரால் திருத்த முடியாது, செயலாளர்தான் திருத்த வேண்டும். 'எடிட்_பப்ளிஷ்ட்_போஸ்ட்ஸ்' (தான் போட்டு வெளியானதைத் திருத்தும் அனுமதி) கொடுத்தால் போட்டவரே மாற்றலாம், ஆனால் அந்த மாற்றம் யாரும் பார்க்காமலே வெளியே போய்விடும். விலைப் பட்டியலுக்கு அது சரிப்படாது.

பாக்நீரிணை:
இன்னொன்று. காற்று, அலை வரைபடத்தை ஐஃப்ரேமாக (வேறு தளத்தின் பக்கத்தை உள்ளே காட்டும் குறியீடாக) விலைப் பதிவுக்குள் ஒட்டியிருந்தால் இந்த ரோலில் அது நிற்காது. 'அன்ஃபில்டர்ட்_ஹெச்டிஎம்எல்' (எந்தக் குறியீட்டையும் வடிகட்டாமல் சேமிக்கும் அனுமதி) இல்லாதவர் சேமித்த உடனே வேர்ட்பிரஸ் ஐஃப்ரேமை உருவிவிடும். இவர் பெயரில் உள்ள வரைவில் அட்மினே ஒட்டி வைத்திருந்தாலும், அதைத் திறந்து இவர் சேமித்தால் போச்சு. எர்ரரும் வராது. வரைபடத்தை விட்ஜெட்டில் (பதிவுக்கு வெளியே, பக்கவாட்டில் வைக்கும் பெட்டியில்) வையுங்கள்.

பழைய அட்மின் லாகினின் கடவுச்சொல்லை உடனே மாற்றுங்கள். எல்லா போனிலும் லாக்அவுட் ஆகிவிடும். ஆனால் வேர்ட்பிரஸ் 5.6 பதிப்பில் வந்த 'அப்ளிகேஷன் பாஸ்வேர்டு' (செயலிகளுக்கென்று தனியாக உருவாக்கும் கடவுச்சொல்) இருந்தால் அது அப்படியே வேலை செய்யும். ப்ரொஃபைல் பக்கத்தில் அதைத் தனியாக ரத்து செய்ய வேண்டும்.

ஆள் மாறும்போது பழைய கணக்கை அவசரப்பட்டு நீக்காதீர்கள். நீக்கும்போது அவர் பதிவுகளை என்ன செய்வது என்று கேட்கும். வேறொருவர் பெயருக்கு மாற்றச் சொல்லாவிட்டால் அவர் போட்ட விலைகளும் சேர்ந்து போகும். 'இந்தத் தளத்தில் ரோல் இல்லை' என்று வைத்தாலே அவரால் எதுவும் செய்ய முடியாது, பழைய விலைகளும் பத்திரமாக இருக்கும்.