வேற்றுலக அறிவுயிர்கள் பூமிக்கு வர வாய்ப்பு உண்டா? கணக்கு எங்கே இடிக்கிறது?

வடமீன்:
சூரியனுக்கு மிக அருகிலுள்ள நட்சத்திரமான பிராக்சிமா சென்டாரி 4.24 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. ஒளிவேகத்தில் பத்தில் ஒரு பங்கு கிடைத்தால் 42 வருடத்தில் வந்துவிடலாம். பிறகு ஏன் "வாய்ப்பே இல்லை" என்று அடித்துச் சொல்கிறார்கள்? எண்களோடு யாராவது விளக்க முடியுமா?

உந்துகணை:
அந்தப் பத்தில் ஒரு பங்கை எட்டுவதில்தான் முதல் இடி. 1 டன் சரக்கை அந்த வேகத்துக்குக் கொண்டுபோக, வீட்டு மீட்டர் கணக்கில் 12,600 கோடி யூனிட் வேண்டும். எரிபொருளைச் சுமக்கும் செலவு இதில் சேராது.

ஹைட்ரஜன்-ஆக்சிஜன் ராக்கெட்டில் வாயு நொடிக்கு 4.5 கி.மீ. வேகத்தில் வெளியேறும். நமக்கு வேண்டியது நொடிக்கு 30,000 கி.மீ. எந்த வேகத்துக்கு எவ்வளவு எரிபொருள் என்று சொல்லும் ராக்கெட் சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள்: காணக்கூடிய பிரபஞ்சம் முழுவதையும் எரித்தாலும் ஓர் அணுவைக்கூட அங்கே கொண்டு சேர்க்க முடியாது.

அணுக்கரு இணைவு எஞ்சினுக்கு வெளியேற்ற வேகம் 10,000 கி.மீ. என்று வைப்போம். 1 டன் சரக்குக்குப் புறப்பாட்டு எடை 20 டன். ஆனால் வந்து சேர்ந்ததும் நிற்க வேண்டுமே! பிரேக் போடவும் எரிபொருள்தான். பலர் இங்கே எடையை இரட்டிப்பாக்கி 40 என்பார்கள்; அது தவறு. நிறுத்துவதற்கான எரிபொருளையும் முதலில் முடுக்கியாக வேண்டும், ஆகவே 20-ஐ 20-ஆல் பெருக்க வேண்டும். 400 டன்.

பிரிட்டிஷ் கோள்களிடைச் சங்கம் 1973 முதல் 1978 வரை உருவாக்கிய டெடலஸ் வடிவமைப்பில் கப்பல் 54,000 டன், அதில் எரிபொருள் மட்டும் 50,000. வேகம் ஒளிவேகத்தில் 12 சதவீதம். அதுவும் பர்னார்டு நட்சத்திரத்தை நிற்காமல் கடந்து போவதற்கு. வழியில் தூசி வேறு: ஒளிவேகத்தின் 10 சதவீதத்தில் 1 மில்லிகிராம் துகள் மோதினால் சுமார் 100 கிலோ டி.என்.டி. வெடித்த மாதிரி.

காலக்கணக்கு:
எண்கள் சரி. ஆனால் அவசரப்படுகிறவருக்குத்தான் அவை தடை. வேகத்தை 1 சதவீதமாகக் குறையுங்கள். அதே எஞ்சினில், நிறுத்துவதையும் சேர்த்து, 1 டன்னுக்கு 2 டன்கூட ஆகாது. 424 வருடப் பயணம். ஆள் வேண்டாம், இயந்திரம் வந்தால் போதும். பால்வழி மண்டலத்தின் குறுக்களவு சுமார் 1 லட்சம் ஒளியாண்டு. இந்த வேகத்தில் கடக்க 1 கோடி வருடம். பூமிக்கோ 450 கோடி வயது. வர முடிந்தவர்கள் இருந்தால் இதற்குள் வந்திருக்க வேண்டுமே என்று வானியற்பியலாளர் மைக்கேல் ஹார்ட் 1975-ல் எழுதியது இதுபோன்ற கணக்கை வைத்துத்தான்.

எனக்கு முக்கியமாகப் படுவது, அவர்கள் எதைப் பார்த்து வருவார்கள் என்பது. தொலைவிலிருந்து பார்த்தால் இங்கே உயிர் இருப்பதற்கான அடையாளம் காற்றிலுள்ள ஆக்சிஜன்; அது சேர்ந்து சுமார் 240 கோடி வருடம் ஆகிறது. நம் வானொலி, தொலைக்காட்சி அலைகள் வலுவாக வெளியே போகத் தொடங்கி ஏறக்குறைய 90 வருடம்தான். அந்த அலையைக் கேட்டுவிட்டு ஒருவர் 10 சதவீத வேகத்தில் கிளம்பினால், ஒவ்வோர் ஒளியாண்டுக்கும் அலைக்கு 1 வருடம், கப்பலுக்கு 10 வருடம். 90-ஐ 11-ஆல் வகுத்தால் 8 ஒளியாண்டு. அதற்குள் இருப்பவை ஆல்ஃபா சென்டாரியின் மூன்று, பர்னார்டு, உல்ஃப் 359. ஐந்தே நட்சத்திரங்கள் (நட்சத்திரமாக எரியும் அளவுக்கு எடை இல்லாத பழுப்புக் குள்ளர்களைச் சேர்க்கவில்லை). ஆகவே, மனிதரைக் கண்டு இப்போது வந்திருப்பார்கள் என்பதற்கு வாய்ப்பு மிகமிகக் குறைவு. என்றோ ஒருமுறை ஏதோவொன்று இந்தப் பக்கம் வந்து போயிருக்கலாம் என்பதை அப்படித் தள்ளிவிட முடியாது.

வடமீன்:
நன்றி. சூரியக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து 2017-ல் வந்த ஓமுவாமுவா என்ற பொருள்?

உந்துகணை:
வேகத்தைப் பாருங்கள். சூரியனின் ஈர்ப்பு இழுக்கும் முன் அது நொடிக்கு 26 கி.மீ. வேகத்தில் வந்தது. நட்சத்திரங்கள் ஒன்றையொன்று கடக்கும் சாதாரண வேகம் அது; பிராக்சிமா தூரத்தைக் கடக்கவே ஏறக்குறைய 49,000 வருடம் ஆகும். வால்மீனுக்கு இருப்பதுபோல் வால் தெரியாமலே கொஞ்சம் கூடுதலாக முடுக்கம் பெற்றது உண்மை. பனிக்குள் சிக்கிய ஹைட்ரஜன் கசிந்ததாக 2023-ல் ஒரு விளக்கம் வந்தது. எனக்கு அது ஏற்புடையதாகப் படுகிறது. 2017 டிசம்பரில் கிரீன் பேங்க் வானொலித் தொலைநோக்கி கேட்டுப் பார்த்தும் சிக்னல் எதுவும் இல்லை. கப்பல் என்றால் தேட வேண்டியது வேகக் குறைப்பை. அது நிற்காமல் போய்விட்டது.

வடமீன்:
பழைய வருகைக்குத் தடயம் மிஞ்சுமா?

காலக்கணக்கு:
பூமியில் கஷ்டம். கடல் தரையில் பெரும்பகுதி 20 கோடி வருடத்துக்குள் புதுப்பிக்கப்பட்டுவிடும், நிலத்தை மழையும் காற்றும் அரிக்கும். நிலவில் தேடலாம். 2009 முதல் நிலவைச் சுற்றும் நாசாவின் எல்.ஆர்.ஓ. விண்கலத்தின் கேமரா ஒரு பிக்சலுக்கு அரை மீட்டர் வரை காட்டுகிறது. அப்பல்லோ இறங்குகலங்களின் அடிப்பாகம் அதில் தெரிகிறது. சூரியன் தாழ்வாக இருக்கும்போது எடுத்த படங்களைத் தேர்ந்தெடுங்கள். பொருள் நாலைந்து பிக்சல்தான் இருக்கும், நிழல் நீளமாக விழும். தேட வேண்டியது அந்த நிழலை.