லயத்து வாசலில் முதல் உறைபனி

மூணாறில் பனி கொட்டுகிறது என்று ஒவ்வொரு ஜனவரியிலும் படங்கள் வருகின்றன. வானத்திலிருந்து எதுவும் கொட்டுவதில்லை. காற்றிலுள்ள ஈரம் புல்நுனியிலேயே உறைந்து வெள்ளையாகப் படிகிறது. இது உறைபனி. மலையாளத்தில் மூடுபனி, உறைபனி, இமயத்தில் பெய்யும் பனி எல்லாவற்றுக்கும் 'மஞ்ஞு' என்ற ஒரே சொல் போதும். வருகிறவர்கள் ஏமாறுவதில் வியப்பில்லை.

எங்கள் லயம், அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள், பள்ளத்தில், ஓடையை ஒட்டி இருக்கிறது. ஐந்து வருடமாக முதல் உறைபனி விழும் நாளை ஒரு நோட்டில் குறித்து வருகிறேன். தொடங்கிவைத்தது அம்மா. மார்கழி பிறந்ததும் இரவில் வாசலில் ஒரு எவர்சில்வர் தட்டில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி வைப்பார். விடிகாலையில் பாலில் ஆடை படிந்ததுபோல அதன்மேல் மெல்லிய ஏடு கட்டியிருந்தால், "தேயிலைக் காட்டில் உறைபனி பிடித்திருக்கும்" என்று சொல்லிவிட்டுத்தான் அடுப்பு மூட்டுவார்.

நான் வெப்பமானி வாங்கி அடுப்படிச் சுவரில் மாட்டினேன். அது பெரிய தவறு. பகலில் வாங்கிய சூட்டைச் சுவர் இரவு முழுக்க விட்டுக்கொண்டே இருக்கும். மானி 6 டிகிரி காட்டிய காலையில் வாசல் புல் வெளுத்திருந்தது. பிறகு அதை வீட்டிலிருந்து தள்ளி, நெஞ்சுயரக் கம்பத்தில், மேலே பலகை மறைப்போடு கட்டினேன். அப்போதும் மானி 3 காட்டும்போதே தரையில் உறைபனி விழுகிறது. மேகமில்லாத இரவில் தரை தன் சூட்டை வேகமாக வானத்துக்கு இழந்துவிடுவதால், மேலே உள்ள காற்றைவிடப் புல் அதிகம் குளிர்ந்துவிடுகிறது. அதனால் இப்போது புல்மட்டத்தில் இன்னொரு மானி வைத்து, இரண்டையும் எழுதுகிறேன்.

நோட்டைப் புரட்டினால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. பல்லைக் கிட்டவைக்கும் காற்றடித்த இரவுகளில் ஒருமுறைகூட உறைபனி இல்லை. காற்று அசையாத, நட்சத்திரம் நிறைந்த இரவுகளில்தான் வருகிறது. குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கிவிடும். மேட்டு லயத்தில் பச்சையாக இருக்கும் நாளில் எங்கள் வாசலில் செருப்புக்கடியில் புல் நொறுங்குகிறது.

போன டிசம்பர் கடைசி வாரத்தில் அப்படி ஒரு காலை. ஓடைப்பக்கத்துத் தேயிலைச் செடிகளில் இலை விளிம்பெல்லாம் உப்பு ஒட்டியதுபோல இருந்தது. அழகாகத்தான் இருந்தது. வெயில் பட்டதும் கொழுந்துகள் வெந்த கீரைபோலத் துவண்டன. இரண்டு மூன்று நாளில் செம்பு நிறமாகிக் கருகின. மறுபடி தளிர் வரும்வரை அந்தக் காட்டில் கொழுந்து இல்லை. பறிக்கும் கொழுந்தின் கிலோ குறைந்தால் அம்மா கையில் வரும் காசும் குறைகிறது. 2019 ஜனவரியில் மூணாறில் வெப்பநிலை பல நாள் பூஜ்யத்துக்குக் கீழே போனபோது பரப்புப் பரப்பாகத் தேயிலை கருகியதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பயம் புரியும்.

செண்டுவாரை, குண்டளை, தேவிகுளம் பக்கம் இருப்பவர்கள் உங்கள் வாசலில் முதல் உறைபனி என்று விழுந்தது என்று எழுதுங்கள். மானியை எங்கே கட்டியிருக்கிறீர்கள், வீடு மேட்டிலா பள்ளத்திலா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.