‘பொய்ச்சிதறல்’ வேண்டாம்: மாற்றுச் சொல் பற்றி

வணக்கம்.

இடத்தைச் சிறு கட்டங்களாகப் பிரிக்கும் ஒழுங்கற்ற வலையில் கதிர்வீச்சு வெப்பப் பரிமாற்றத்தைக் கணிக்கும்போது வரும் இரண்டு பிழைகளுக்கு ‘பொய்ச்சிதறல்’, ‘கதிர் விளைவு’ என்று நம் கலைச்சொல் வரைவுப் பட்டியலில் இருக்கிறது. இரண்டையும் நீக்கலாம் என்பது என் கருத்து. முதலாவதை எடுத்தால், சிதறல் என்றதும் படிப்பவர் ஊடகத்தின் சிதறல் கெழுவைத் தேடிப் போவார். சிதறலும் உட்கவர்தலும் அறவே இல்லாத வெற்றிடத்திலும் இந்தப் பிழை வரும்.

சதுரக் கட்டங்களை எடுத்துக்கொள்ளுங்கள். கதிர் 45 பாகையில் வலப்பக்கம் மேல்நோக்கிப் போகிறது. இடச்சுவரில் செறிவு 1, அடிச்சுவரில் 0. மூலைவிட்டத்துக்கு மேலே 1, கீழே 0 என்பதுதான் சரியான விடை. கதிர் வரும் பக்கத்துக் கட்டத்தின் மதிப்பை அப்படியே இரு கட்டங்களுக்கு இடையிலான முகத்தில் வைக்கும் முதல்படி முறையில், மூலைக் கட்டத்துக்கு 0.5 கிடைக்கும். அதன் வலப்பக்கம் 0.25, அதற்கடுத்து 0.125. இந்த இரண்டு கட்டங்களும் முழுக்க நிழலில் இருப்பவை! ஒளியை அங்கே கொண்டுபோனது ஊடகம் அன்று, கட்டத்துக்குள் எடுத்த சராசரி. சதுர வலையில் அச்சுக்கு இணையான கதிராவது தப்பும். முக்கோண, நான்முகி வலையில் அந்தச் சலுகையும் இல்லை.

ஆகவே பிழை பிறக்கும் இடத்தைச் சொல்லும் பெயர் வேண்டும். என் பரிந்துரை ‘வலைக்கசிவு’.

மற்றது, ‘கதிர் விளைவு’, திசைகளைக் குறைவாக எடுப்பதால் வருவது. கதிரைக் குறிப்பிட்ட சில திசைகளில் மட்டும் கணிக்கும் முறையில், முப்பரிமாணத்தில் எஸ்4 என்ற தொகுதிக்கு 24 திசைகள், எஸ்8 என்றால் 80. சிறிய சூடான பரப்பிலிருந்து தொலைச்சுவருக்குப் போகும் வெப்பம் அந்தத் திசைகளின் வழியே மட்டும் போவதால் சுவரில் வரிவரியாக மேடுபள்ளம் விழுகிறது. ‘கதிர் விளைவு’ என்றால் கதிரியக்கத்தின் பாதிப்பு என்றே பலர் படிப்பார்கள். ‘திசைவரி’ எனலாமா?

* * *

வணக்கம் ஐயா. திசைவரி நன்று, அப்படியே ஏற்கலாம். வலைக்கசிவில் எனக்கு இரண்டு தடைகள். ‘வலை’ என்றால் இன்று இணையம். வலைக்கசிவு என்றால் யாரோ தரவைத் திருடிவிட்டார்கள் என்றுதான் தோன்றும். அது போகட்டும். பெரிய தடை ‘கசிவு’. கசிந்தால் குறைய வேண்டும். உங்கள் கணக்கிலேயே பாருங்கள்: ஒளிப் பக்கம் இழந்தது நிழல் பக்கம் சேர்ந்திருக்கிறது, மொத்தம் மாறவில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் வரவு செலவைச் சமன் செய்யும் முடிவுறு கன அளவு முறையில் ஒரு கட்டத்தை விட்டு வெளியேறுவது அடுத்த கட்டத்துக்குள் போயே தீரும். இது இழப்பு அன்று, படர்வு. ‘கண்ணிப்படர்வு’ என்று வைப்போம். வலையின் ஒவ்வோர் அறையும் கண்ணிதானே.

கணிப்பு முறையால் வரும் பரவலுக்கு ‘எண்ணியல் விரவல்’ ஏற்கெனவே இருக்கிறதே, தனிச்சொல் எதற்கு என்று கேட்பார்கள். அது பாய்மக் கணிப்புக்கும் பொதுவான சொல். கதிர்வீச்சில் வருவது அதன் ஒரு வகை என்று குறிப்பில் எழுதிவிடலாம்.

* * *

கண்ணிப்படர்வு சரி, ஏற்கிறேன். வரையறையோடு ஒரு எச்சரிக்கையும் சேர வேண்டும். படர்வின் அகலம் கட்ட அளவின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அதைப் பாதியாக்கக் கட்டத்தை நான்கில் ஒன்றாக்க வேண்டும். முப்பரிமாணத்தில் அது 64 மடங்கு கட்டங்கள். அதனால் இரண்டாம்படி முறைக்குப் போவதே மலிவு, ஆனால் மதிப்பு எல்லை மீறாமல் தடுக்கும் வரம்பி வைக்காவிட்டால் செறிவு எதிர்மறையாகலாம்.

இந்த இரண்டு பிழைகளும் ஒன்றையொன்று மறைக்கும் என்பதையும் எழுத வேண்டும். படர்வு வரிகளை மழுக்கிவிடுகிறது. வலையை மட்டும் நுணுக்கினால் அதுவரை மறைந்திருந்த திசைவரி பளிச்சென்று மேலே வரும். நிரலில்தான் கோளாறு என்று நினைத்து நாள்கணக்கில் தேடுவார்கள். திசைகளையும் கூடவே கூட்ட வேண்டும்.

மூன்றாவது சொல் ஒன்று பாக்கி. கணிப்புக்காகத் திசைகளையும் திண்மக்கோணக் கூறுகளாகப் பிரிக்கிறோம். ஒழுங்கற்ற வலையில் கட்டத்தின் முகங்கள் இந்தப் பிரிவுகளோடு ஒத்துப்போவதில்லை. ஒரே கோணக்கூறின் ஒரு பகுதி கட்டத்துக்குள் வருகிறது, மறுபகுதி வெளியே போகிறது. மொத்தமாக உள்வரவு என்று எடுத்தால் சுவரில் வெப்பப் பாய்வு பிசகும். ஆய்வாளர்கள் மூர்த்தியும் மாத்தூரும் 1998இல் காட்டிய வழி, அந்தக் கூறை மட்டும் சிறு துண்டுகளாக்கி ஒவ்வொன்றையும் உள்ளா வெளியா என்று பிரிப்பது. இப்படி இருபக்கமும் விழும் கூறைப் பட்டியலில் ‘தொங்கல்’ என்று எழுதியிருப்பது ஒட்டவில்லை. ‘இருபாற்கோணம்’ என்றால்?

* * *

இருபாற்கோணம் பொருந்துகிறது. துண்டாக்குவதை ‘நுண்கூறிடல்’ என்று போட்டுவிடுகிறேன்.