மாட்டுக் குளம்பு மண்ணை இறுக்குமா, இளக்குமா?

கிளுவைவேலி:
நேற்று ஒரு காணொளி பார்த்தேன். கொரங்காட்டில் கால் வைத்தே இருக்கமாட்டார் போல, ஒருவர் உபதேசம் செய்கிறார்: "மாடு மேய்ந்தால் மண் இறுகிப் போகும். பத்து வருஷம் மாட்டை உள்ளே விடாதீர்கள்." எரிச்சல் தாங்கவில்லை. காங்கயம், தாராபுரம், மூலனூர் பக்கம் கிளுவையில் வேலி போட்டு, கொழுக்கட்டைப்புல் வளர்த்து, நடுவில் வெள்வேல மரத்தை விட்டு, பாட்டன் காலத்திலிருந்து மாடு மேய்கிற காடு இது. குளம்பு மண்ணை இறுக்காது, இளக்கும். இல்லை என்பவர்கள் வரலாம்.

மண்வாசி:
வந்துவிட்டேன். வளர்ந்த காங்கயம் பசு முந்நூறு கிலோ இருக்கும். அத்தனை எடையும் நாலு சின்னக் குளம்பில் இறங்குகிறது. மண்ணில் முதலில் நசுங்குவது பெரிய துளைகள். மழைத்தண்ணீர் உள்ளே போகிற வழியே அதுதான். வழி அடைபட்டால் தண்ணீர் மேல்மண்ணையும் கூட்டிக்கொண்டு பள்ளத்துக்கு ஓடும். இளக்கும் என்பது எந்த ஊர் இயற்பியல் ஐயா?

கிளுவைவேலி:
மூலனூர் இயற்பியல். சித்திரை வெயிலில் செம்மண் மேலே ஏடு கட்டிக் கிடக்கும். புல்விதை விழுந்தால் மேலேயே கிடந்து எறும்புக்குத்தான் போகும். மாடு நடந்தால் ஏடு உடையும், விதை குளம்புப் பள்ளத்தில் இறங்கும், மேலே சாணியும் விழும். ஜிம்பாப்வேக்காரர், மேய்ச்சல் ஆய்வாளர் ஆலன் சேவரி 2013இல் டெட் (TED) பேச்சு மேடையில் இதைச் சொன்னபோது ஊரே கைதட்டியது. எங்கள் அப்பன் சொன்னால் பட்டிக்காட்டான் பேச்சு!

மண்வாசி:
சேவரி வருவார் என்று தெரியும். அமெரிக்க மேய்ச்சல் நில ஆய்வாளர் பிரிஸ்க்கும் அவரோடு சேர்ந்தவர்களும் பல நாட்டு மேய்ச்சல் சோதனைகளைத் தொகுத்து 2008லேயே எழுதிவிட்டார்கள்: சேவரி சொல்கிற மாதிரி நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து மாற்றி மாற்றி மேய்ப்பதால் மட்டும் பெரிய லாபம் தெரியவில்லை, எத்தனை மாடு விடுகிறோம் என்பதே காரியம். கைதட்டலை வைத்து மண்ணை அளக்க முடியாது. குளம்பு இறுக்கும்.

புதுமழை:
ஒரு சந்தேகம். இறுக்கம் என்று இரண்டு பேரும் எதைச் சொல்கிறீர்கள்? காய்ந்த மண்ணா, ஈர மண்ணா? மேலே இரண்டு விரல் ஆழமா, ஒரு சாணா? அண்ணா சொல்வது கோடைக்கதை, மண்வாசி சொல்வது மழைக்கதை மாதிரி தெரிகிறதே.

கிளுவைவேலி:
தம்பி, இடையில் புகுந்து குழப்பாதே. இளக்கும்.

மண்வாசி:
இறுக்கும்.

வெள்ளகோவிலான்:
குளம்பை விட்டுத் தள்ளுங்கள். சாணி எங்கே போகிறது? முன்பெல்லாம் மாடு ராத்திரியும் காட்டிலேயே கிடந்தது. இப்போது திருட்டுப் பயம், பால் கறவை, இருட்டினால் கட்டுத்தரைக்கு ஓட்டி வந்துவிடுகிறோம். அங்கே குவிகிற சாணி டிராக்டர் ஏறித் தென்னந்தோப்புக்குப் போகிறது. பகலில் விழுவதும் வெள்வேல நிழலிலும் தண்ணீர்த் தொட்டி ஓரமும்தான். காடு கொடுத்துக்கொண்டே இருக்கிறது, திரும்ப வருவது கொஞ்சம். மண் இளைக்காமல் என்ன செய்யும்?

கிளுவைவேலி:
என் தென்னந்தோப்பைத்தானே குத்துகிறாய்? கிளுவையைப் பிடுங்கிப் போட்டுக் கம்பிவேலி கட்டியவர் மண்ணுக்காக அழுகிறார்! போன வருஷம் அதைக் கேட்டதற்கு இன்றைக்குப் பழி வாங்குகிறாய். கிளுவை வேலி காற்றைத் தடுக்கும், புழுதி பறக்காது. உன் கம்பி என்ன செய்யும்? துருப்பிடிக்கும்.

வெள்ளகோவிலான்:
கிளுவை ஒரு பக்கம் பட்டுப்போனது, ஆள் கிடைக்கவில்லை, கம்பி கட்டினேன். அது என் காடு. சாணிக்குப் பதில் சொல்லுங்க.

மண்வாசி:
சாணிக்குப் பதில் வராது. ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்தின் வாம்பியானாவில் 1997 முதல் சோதனை நடக்கிறது. மாட்டை நெருக்கி விட்ட துண்டுகளில் மழை நன்றாக இருந்த வருஷங்களில் வரவு தெரிந்தது. வறட்சி வந்ததும் தீவனம் வாங்கிப் போட்டே காசு கரைந்தது, நல்ல புல்லும் குறைந்தது. உங்கள் காட்டில் இப்போது எத்தனை உருப்படி?

கிளுவைவேலி:
என் உருப்படியை எண்ண நீங்கள் யார், மணியக்காரரா? கங்காரு ஊர்க் கதை கொழுக்கட்டைப்புல்லுக்கு ஆகாது.

மண்வாசி:
அதே புல் அங்கேயும் இருக்கிறது. பஃபல் என்பார்கள், இரண்டுக்கும் அறிவியல் பெயர் செங்க்ரஸ் சிலியாரிஸ்தான். பிரிகலோ என்கிற வேல மரக் காட்டை அழித்து விதைத்தார்கள். ஆரம்பத்தில் அமோகம். போகப்போகத் தழைச்சத்து வேரிலும் சருகிலும் மாட்டிக்கொண்டு விளைச்சல் இறங்கியது.

கிளுவைவேலி:
அது வேறு புல். எங்கள் புல் வேறு.

மண்வாசி:
ஒரே புல்.

கிளுவைவேலி:
வேறு. அங்கே வெள்வேல மரம் உண்டா? எங்கள் மரம் தழைச்சத்து கொடுக்கும், காய் உதிர்த்து மாட்டுக்கும் ஆட்டுக்கும் தீனி போடும். மரத்தை வெட்டிவிட்டுப் புல்லைக் குறை சொல்லக்கூடாது.

புதுமழை:
அண்ணா, இது நல்ல விஷயம். அப்படியென்றால் மண்ணைக் காப்பது குளம்பா, மரமா?

கிளுவைவேலி:
குளம்பு.

புதுமழை:
சரி, ஒரு வழி சொல்கிறேன். அடியும் மூடியும் வெட்டிய தகர டப்பாவை மண்ணில் அடித்து இறக்கி, அளந்து தண்ணீர் ஊற்றிப் பார்க்கலாம். மேய்ந்த இடத்தில் ஒன்று, மேயாத இடத்தில் ஒன்று. எதில் சீக்கிரம் வற்றுகிறது என்று தெரிந்துவிடும்.

மண்வாசி:
மழைக்காலத்தில் செய்யணும். மண் ஈரமாக இருக்கும்போது மாட்டை விட்டு மிதிக்க வைத்துவிட்டு.

கிளுவைவேலி:
ஈரக்காட்டில் எவன் மாட்டை விடுவான்? மழை விட்டு மண் உலர்ந்து, புல் முழங்கால் உயரம் வரும் வரை படலைச் சாத்தி வைப்போம்.

வெள்ளகோவிலான்:
போன கார்த்திகையில் உங்கள் படல் திறந்துதான் கிடந்தது. அந்த வழியாகத்தான் சந்தைக்குப் போனேன்.

கிளுவைவேலி:
ஒருநாள் கிடந்திருக்கும். பங்காளி மாடு புகுந்திருக்கும். ஊரான் படலை எட்டிப் பார்ப்பதே உனக்கு வேலையா? டப்பாவெல்லாம் வேண்டாம். மழை பெய்த மறுநாள் வாருங்கள், கடப்பாரை போட்டுக் காட்டுகிறேன், எவ்வளவு இறங்குகிறது என்று.

மண்வாசி:
வருகிறேன். வெள்வேல நிழலில் போட்டுக் காட்டக்கூடாது, தொட்டி ஓரத்தில் போடணும். கடப்பாரையும் நானே கொண்டுவருகிறேன்.

கிளுவைவேலி:
ஏன், என் கடப்பாரைக்கு என்ன கேடு?